பெர்க்லி இல்லாவிட்டால் என்ன?

கேள்வி: என் மகள் கடல் உயிரியல் படிக்க ஆசைப்படுகிறாள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறோம். "பெர்க்லியில் கிடைத்தால் போகட்டும், மற்றதெல்லாம் கிளைதானே" என்கிறார் கணவர். விண்ணப்பத்தில் ஒன்பது ஊர்ப் பெயர்களைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றுகிறது. எதைத்தான் டிக் செய்வது?
- ஒரு வாசகி

பதில்: பெர்க்லிதான் மூத்தது, அதில் சந்தேகமில்லை. பல்கலைக்கழகம் தொடங்கியது 1868-இல். ஆனால் 'கிளை' என்று உங்கள் கணவர் சொல்வது சரியில்லை. மொத்தம் பத்து வளாகங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி வேந்தர், தனிப் பேராசிரியர்கள், தனி மாணவர் தேர்வு. சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்தில் மருத்துவம் சார்ந்த மேல்படிப்புகள் மட்டும்தான். அதனால்தான் உங்கள் பட்டியலில் ஒன்பது.

மகளுக்குக் கடல்தான் ஆசை என்றால் நான் முதலில் பார்ப்பது சான் டியாகோவை. அங்கே ஆராய்ச்சி நிலையம்தான் முதலில் வந்தது. ஸ்க்ரிப்ஸ் கடலியல் நிலையம் 1903-இல் தொடங்கியது, 1912-இல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. வளாகம் உருவானதோ 1960-இல்தான்! அந்த நிலையத்தின் கடற்பாலத்தில் 1916 முதல் கடல்நீரின் வெப்பநிலையை அளந்து குறித்து வருகிறார்கள். காற்றில் கரியமில வாயு ஏறுவதை 1958 முதல் அளந்து காட்டிய சார்லஸ் கீலிங் அங்கே வேலை பார்த்தவர். இதையெல்லாம் கிளை என்றால் எப்படி?

சான்டா குரூஸையும் டிக் செய்யுங்கள். கடலோரத்திலேயே ஆய்வகம் வைத்திருக்கிறார்கள். டேவிஸ் வளாகம் கடலிலிருந்து தள்ளி இருந்தாலும் போடேகா விரிகுடாவில் அதற்கும் ஓர் ஆய்வகம் உண்டு. பெர்க்லியையும் போட்டு வைக்கலாம், வீட்டில் சமாதானமாக இருக்கும்.

விண்ணப்பம் ஒன்றுதான், கட்டணம் மட்டும் ஒவ்வொரு வளாகத்துக்கும் தனி. ஓரிடத்தில் கிடைக்கவில்லை என்பதற்காக இன்னோரிடத்தில் கதவு மூடாது. எஸ்.ஏ.டி. என்ற அமெரிக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணைச் சேர்க்கைக்குப் பார்ப்பதில்லை, அந்தப் பயிற்சிக்குப் பணம் கட்ட வேண்டாம். ஆங்கிலத் தேர்வு வேறு விஷயம். பள்ளியில் ஆங்கில வழியில் படித்தாளா என்பதைப் பொறுத்தது. விண்ணப்பத்தில் மகளைப் பற்றிக் கேட்கும் எட்டுக் கேள்விகளில் நான்குக்குப் பதில் எழுத வேண்டும், ஒவ்வொன்றும் 350 சொற்களுக்குள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அதே பதில்கள்தான் டிக் செய்த எல்லா வளாகங்களுக்கும் போகும். "சான் டியாகோதான் என் கனவு" என்று எழுதினால் டேவிஸில் இருப்பவரும் அதைப் படிப்பார்!

அப்புறம் பணம். அரசுப் பல்கலைக்கழகம் என்றதும் மலிவு என்று நினைத்துவிடாதீர்கள். அந்தச் சலுகை கலிஃபோர்னியாவாசிகளுக்குத்தான். வெளியிலிருந்து வருபவர்கள் அதற்கு மேல் பெரிய தொகை கட்ட வேண்டும், உதவித்தொகையும் குறைவு. நான்கு வருடக் கணக்கைக் கணவரோடு உட்கார்ந்து இப்போதே போட்டுவிடுங்கள். பெர்க்லியா இல்லையா என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.

பெர்க்லியிலும் மெர்சட்டிலும் செமஸ்டர் முறை. மற்ற இடங்களில் சுமார் பத்து வாரத்துக்கு ஒரு பருவம், பாடம் பிடிபடுவதற்குள் பரீட்சை வந்து நிற்கும். மகளிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

அக்டோபர் 1 முதல் சமர்ப்பிக்கலாம், நவம்பர் கடைசி வாரம் வரை இழுக்காதீர்கள். அந்த எட்டுக் கேள்விகளை இன்றைக்கே அவள் கையில் கொடுங்கள்.