விமானம் இறங்கும்போது காது ஏன் அடைக்கிறது?

வாகைக்குளத்தில் முதன்முறை விமானம் ஏறும் திருநெல்வேலிக்காரர்கள் பலருக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. செவிப்பறையின் உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தம் சமமில்லாமல் போவதுதான் காதடைப்பு.

நடுக்காதிலிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. விமானம் ஏறும்போது உள்ளே இருக்கும் காற்று அதன் வழியே எளிதாக வெளியேறிவிடும். இறங்கும்போது காற்று உள்ளே போக வேண்டும். அதற்குக் குழாய் லேசில் திறக்காது. மாஞ்சோலையிலிருந்து பஸ்ஸில் மணிமுத்தாறுக்கு இறங்கும்போது காது கும்மென்று ஆகுமே, அதேதான்.

எச்சில் விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ குழாய் திறக்கும். அதனால் கைப்பையில் நாலு புளிப்பு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும் நேரத்தில் தூங்காதீர்கள். கைக்குழந்தைக்கு அப்போது பால் கொடுப்பது மிக முக்கியம். விழுங்கத் தெரிந்தாலும் சொல்லத் தெரியாத பிள்ளை அது. பக்கத்து சீட்டுக் குழந்தை அழுதால் தயவுசெய்து முகம் சுளிக்காதீர்கள், அதற்குக் காது வலிக்கிறது. கடும் சளி இருந்தால் கிளம்பும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

அப்புறம், காதில் பஞ்சு வைத்தால் அடைக்காது என்பார்கள். பஞ்சு சத்தத்தைக் கொஞ்சம் குறைக்குமே தவிர அழுத்தத்தைச் சமன் செய்யாது.