லஞ்சமும் ரத்தமும்

அன்புள்ள ஐயா,

மகனோடு சில மாதம் சிங்கப்பூரில் இருந்துவிட்டு வந்தேன். அங்கே எந்த அலுவலகத்திலும் யாரும் தலையைச் சொறியவில்லை. ஊருக்கு வந்ததும் வாரிசுச் சான்றிதழுக்கு வழக்கம்போல் 'கவனிக்க' வேண்டியிருந்தது. லஞ்சம் நம் ரத்தத்திலேயே ஊறிவிட்டது, சட்டம் போட்டுத் திருத்த முடியாது என்று தோன்றுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கு. ரா., திருப்பூர்

அன்புள்ள கு. ரா.,

ரத்தக் கணக்கை நான் ஏற்கவில்லை. சிங்கப்பூரிலேயே முன்னாள் அமைச்சர் ஈஸ்வரன், பரிசுப் பொருட்கள் வாங்கிய வழக்கில் 2024-இல் 12 மாதச் சிறைத் தண்டனை பெற்றார்.

ஆனால் நீங்கள் பார்க்க வேண்டிய ஊர் ஹாங்காங். பிரிட்டிஷார் ஆண்ட 1960-களில் அங்கே காசு கொடுத்தால்தான் ஆம்புலன்ஸ்காரர் நோயாளியைத் தூக்குவார். ஆஸ்பத்திரி ஆயா ஒரு டம்ளர் தண்ணீர் தருவதும் காசுக்குத்தான். அதற்குப் பெயர் டீக்காசு. (ஆமாம், அங்கேயும் டீதான்!) போலீஸ் செய்த ஊழலை போலீஸே விசாரித்தது. பீட்டர் காட்பர் என்ற வெள்ளைக்கார போலீஸ் அதிகாரி, 40 லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேல் சேர்த்தது பற்றி விசாரணை நடக்கும்போதே 1973-இல் இங்கிலாந்துக்குப் பறந்துவிட்டார். ஜனம் தெருவில் இறங்கியது. மறு வருடமே ஆளுநர் மக்லஹோஸ், விசாரணையை போலீஸிடமிருந்து பிடுங்கி, தனக்கு மட்டும் பதில் சொல்லும் ஐசிஏசி என்ற ஊழல் தடுப்பு ஆணையத்திடம் கொடுத்தார். காட்பரைத் திரும்பக் கொண்டுவந்து 4 வருடம் உள்ளே தள்ளினார்கள்.

அப்புறம் நடந்ததை யாரும் அதிகம் பேசுவதில்லை. 1977-இல் போலீஸ்காரர்களே ஐசிஏசி அலுவலகத்துக்குள் புகுந்து அடித்தார்கள். ஆளுநர் இறங்கிவந்து, அந்த வருடத்துக்கு முந்தைய பெரும்பாலான குற்றங்களைத் தோண்டுவதில்லை என்று அறிவித்தார். நியாயமா என்றால், இல்லை. ஆனாலும் ஆணையம் நிலைத்தது. அதே ஜனம், அதே ஊர், டீக்காசு ஒழிந்தது. அந்த பேரத்தை நான் ஏற்றுக்கொள்வேன்.

வருமானத்துக்கு மீறிய சொத்து குற்றம் என்ற சட்டம் அவர்களைப் போல நம்மிடமும் இருக்கிறது. வழக்குத் தொடர அனுமதியும் இரண்டு இடத்திலும் வேண்டும். அங்கே அதைத் தருவது அரசின் தலைமைச் சட்ட அதிகாரி. இங்கே, மாட்டிக்கொண்டவரை வேலையிலிருந்து நீக்கும் அதிகாரம் உள்ள மேலிடம். நம் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தம் அந்த அனுமதிக்கு 3 மாதக் கெடு வைத்திருக்கிறது, ஒரு மாதம் நீட்டிக்கலாம். அதற்குள் தராவிட்டால் என்ன ஆகும் என்று அந்தத் திருத்தம் சொல்லவில்லை.