பருவமடைதலைத் தள்ளிப்போடும் மருந்துகளால் என்ன பக்கவிளைவுகள் வரும்?

பாலின அடையாளச் சிகிச்சையில், அதாவது பிறப்புப் பாலினத்தோடு தம் பாலின உணர்வு பொருந்தாத சிறார்களுக்குத் தரப்படும் இம்மருந்துகள் பாதுகாப்பானவையா என்று கேட்டிருக்கிறீர்கள். லியூப்ரோலைடு, டிரிப்டோரெலின் போன்ற இவை புதியவை அல்ல. மிகச் சிறு வயதிலேயே பூப்படையும் குழந்தைகளுக்கு 1980கள் முதலே பயன்படுகின்றன. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து கிளம்பும் சமிக்ஞையை அடக்கி, ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன் சுரப்பைக் குறைக்கின்றன.

ஊசி போட்ட இடத்தில் வலி, தலைவலி, திடீர் உடல்வெப்பம், சோர்வு, மனநிலை மாற்றம் ஆகியவை அடிக்கடி காணப்படுபவை. பெரும்பாலும் சமாளிக்கக்கூடியவை.

என் பார்வையில் அதிகம் கவனிக்க வேண்டியது எலும்பு. வளரிளம் பருவத்தில்தான் எலும்பு வேகமாக அடர்த்தி பெறுகிறது. அதற்குப் பாலின ஹார்மோன்கள் தேவை. மருந்து எடுக்கும் காலத்தில் சகவயதினரைவிட அந்த அடர்த்தி பின்தங்குகிறது. அதனால்தான் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன், கால்சியம், வைட்டமின் டி, உடற்பயிற்சி என்று மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள்.

மண்டையோட்டுக்குள் அழுத்தம் கூடுவது அரிது. ஆனாலும் 2022இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதுபற்றி எச்சரித்தது. கடும் தலைவலியோடு பார்வை மங்கினால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

மருந்தை நிறுத்தினால் பருவமடைதல் மீண்டும் தொடங்கும். ஆனால், தொடக்க நிலையிலேயே தடுத்துவிட்டு நேரடியாக எதிர்பால் ஹார்மோனுக்கு மாறினால் கருமுட்டையோ விந்தணுவோ முதிராமல் போகலாம். கருவளம் பற்றி முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

நீண்டகாலச் சான்றுகள் போதாதென்று கூறி, இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 2024இல் இவற்றை வழக்கமாகப் பரிந்துரைப்பதை நிறுத்தியது. வேறு பல மருத்துவ அமைப்புகள், உரிய மதிப்பீட்டுக்குப் பின் கொடுப்பதை ஆதரிக்கின்றன.