குளிர் நிலத்தில் கொய்மலர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் பகுதியில் உறைபனி இல்லாத காலம் ஆண்டுக்கு நான்கு மாதங்களே. கொய்மலர் (தண்டோடு பறித்து விற்கும் பூ) சாகுபடி கட்டுப்படியாகுமா? எந்தப் பூக்களில் தொடங்கலாம்?

பதில்: கட்டுப்படியாகும். ஆனால், எல்லாப் பூக்களையும் அந்த நான்கு மாதங்களுக்குள் அடக்கிவிடத் திட்டமிட்டால் கட்டுப்படியாகாது. குளிரைத் தாங்கும் பூக்களையும், குளிர்ந்தால்தான் பூக்கும் பூக்களையும் தேர்ந்து, பருவத்தை இரு முனைகளிலும் நீட்டிக்கொள்வதுதான் குளிர் நிலத்தில் இத்தொழிலுக்கு அடிப்படை. லார்க்ஸ்பர், கார்ன்பிளவர், நைஜெல்லா, ஸ்நாப்டிராகன் ஆகியவற்றின் குளிருக்குப் பழக்கப்படுத்திய இளஞ்செடிகள் லேசான உறைபனியைத் தாங்கும். லார்க்ஸ்பர் விதை சூடேறிய மண்ணில் சரியாக முளைக்காது என்பதால், அதனை இலையுதிர் காலத்தின் பிற்பகுதியிலோ, மண்ணைக் கிளற முடிந்தவுடன் வசந்தத்தின் தொடக்கத்திலோ நேரடியாக விதைத்துவிட வேண்டும். ஜின்னியா, சூரியகாந்தி, டேலியா ஆகியவை கடைசி உறைபனி கடந்த பிறகே வெளியே வர வேண்டும். சூடேற்றாத பாலித்தீன் குடில் ஒன்று இருந்தால் பருவம் இருபுறமும் சில வாரங்கள் நீளும். எனினும், முதல் முதலீடு குடிலுக்கா, பறித்த பூக்களை வைக்கும் குளிர் அறைக்கா என்று கேட்டால், குளிர் அறைக்கு என்றே சொல்வேன். அதற்கான காரணத்தை வாடும் பூக்களைப் பற்றிய கேள்வியில் காணலாம்.

கேள்வி: மூன்று ஆண்டுகளுக்கு முன் நட்ட பியோனி செழித்து வளர்கிறது, பூக்க மட்டும் மறுக்கிறது. ஏன்?

பதில்: பெரும்பாலும் ஆழமே காரணம். வேர்க்கிழங்கின் குருத்துக்கண்கள் மண்பரப்பிலிருந்து 5 சென்டிமீட்டருக்கு மேல் ஆழத்தில் இருந்தால், செடி இலைகளோடு நின்றுவிடும். இலையுதிர் காலத்தில் தோண்டியெடுத்து 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் மறுபடி நடுங்கள். நிழல் விழுகிறதா என்பதையும் பாருங்கள். பூக்கத் தொடங்கிய பிறகும் ஒரே செடியில் பாதித் தண்டுகளுக்கு மேல் பறிக்காதீர்கள். பறிக்கும் தண்டின் அடியிலும் சில இலைகளை விட்டுவிட்டால்தான் அடுத்த ஆண்டுக்கான உணவு வேரில் சேரும்.

பியோனிக்குக் கடுங்குளிர் ஒரு வரம். நீண்ட குளிர்காலம் இல்லாத இடங்களில் அது ஒழுங்காகப் பூப்பதில்லை. அலாஸ்காவில் 2001-இல் பல்கலைக்கழகச் சோதனைத் தோட்டத்தில் தொடங்கிய முயற்சி பண்ணைத் தொழிலாக வளர்ந்ததற்கு, மற்ற இடங்களில் பியோனிப் பருவம் முடிந்துவிடும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அங்கு அது மலர்வதே காரணம். பறிக்கும் பதத்தைக் கண்ணால் மட்டும் முடிவு செய்யாதீர்கள். நிறம் தெரியும் மொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே மெல்ல அழுத்துங்கள். கல்போல் இருந்தால் அது குவளையில் விரியாமலே போகலாம். பஞ்சுபோல் சற்றே அமுங்கினால் பறிக்கலாம். அந்தப் பதத்தில் பறித்துத் தாளில் சுற்றி, தண்ணீரில் வைக்காமல் 0 முதல் 1 டிகிரி செல்சியஸில் கிடத்தினால், சில வாரங்கள் வரை விற்பனைக்குத் தாங்கும்.

கேள்வி: சாமந்தியில் மொட்டு வைக்கும்போதே உறைபனி வந்து கருக்கிவிடுகிறது. உரம் குறைவா?

பதில்: உரத்தில் குறையில்லை, பகல் நீளத்தில்தான் சிக்கல். சாமந்தி குறும்பகல் செடி, அதாவது பகல் குறுகி இரவு நீளும்போதே மொட்டு வைக்கும். உயர் அட்சரேகைகளில் கோடைப் பகல் நெடுநேரம் நீடிப்பதால் அது மொட்டு வைக்கவே காலம் தாழ்கிறது. சீக்கிரம் பூக்கும் இரகங்களை நடுங்கள். அல்லது நாள்தோறும் மாலையில் கருந்துணியால் மூடிக் காலையில் விலக்கி, 13 மணி நேரமாவது முழு இருட்டு கிடைக்கச் செய்து, மொட்டில் நிறம் தெரியும்வரை அதைத் தொடருங்கள். இடையில் நாள்கள் விட்டுப்போனால் பயன் குன்றும்.

கேள்வி: டுலிப் பூக்களைப் பறித்த பின் குமிழ்களை அடுத்த ஆண்டுக்கு விட்டுவைக்கலாமா?

பதில்: விற்பனைக்கு வளர்ப்பவர் விட்டுவைப்பதில் பயனில்லை. தண்டோடு இலைகளும் போய்விடுவதால் குமிழ் மெலிந்துவிடும். டுலிப்புக்கு 9 டிகிரிக்குக் கீழே 12 முதல் 16 வாரக் குளிர் தேவை. பிறர் குளிர்பதன அறையில் பணம் கொடுத்துத் தருவதை உங்கள் மண் இலவசமாகத் தருகிறது. மொட்டு நிறம் ஏறி இன்னும் மூடியிருக்கும்போதே குமிழோடு பிடுங்கி, 0 முதல் 2 டிகிரியில் உலர்வாக நிறுத்தி வைத்தால் ஓரிரு வாரங்கள் காத்திருக்கும். பூஞ்சை மண்ணில் தங்கிவிடும் என்பதால் அடுத்த ஆண்டு அதே பாத்தியில் டுலிப் நடக்கூடாது.

கேள்வி: காலையில் பறித்துக் கொடுத்த பூக்கள் இரண்டே நாளில் தலை சாய்கின்றன என வாங்குவோர் குறை கூறுகின்றனர். தண்ணீரில் எதைக் கலக்க வேண்டும்?

பதில்: எதையும் கலக்கும் முன் வாளியைப் பாருங்கள். உட்சுவரில் விரலை ஓட்டும்போது வழுவழுப்புத் தட்டுப்பட்டால், அது பாக்டீரியாப் படலம். தண்டின் நீர்க்குழாய்களை அடைப்பது அதுதான். நீங்கள் குடிக்கத் தயங்கும் வாளியில் பூவையும் வைக்காதீர்கள்.

அடுத்தது பறிக்கும் பதம். ஜின்னியாவின் தண்டைப் பூவுக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் கீழே பிடித்து அசைத்துப் பாருங்கள். தலை துவண்டு ஆடினால் பதம் வரவில்லை, தண்டு விறைப்பாக நின்றால் பறிக்கலாம். டேலியா பறித்த பிறகு அதிகம் விரியாது என்பதால், ஏறத்தாழ முழுமையாக மலர்ந்த பின்பே பறிக்க வேண்டும்.

மூன்றாவதாகச் சூடு. வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் பூவின் சுவாசம் இரு மடங்காகவோ அதற்கு மேலாகவோ பெருகி, சேமித்த சர்க்கரை கரைந்துபோகிறது. இதனால்தான் குடிலைவிடக் குளிர் அறையை முதலில் சொன்னேன். பெரும்பாலான பூக்களுக்கு 1 முதல் 4 டிகிரி ஏற்றது. ஜின்னியா போன்ற சில அவ்வளவு குளிரில் கெடும். அதே அறையில் ஆப்பிள் வைக்காதீர்கள். பழம் வெளியிடும் எத்திலீன் வாயுவால் லார்க்ஸ்பரும் ஸ்நாப்டிராகனும் பூவுதிர்க்கும். இவையெல்லாம் சரியாக இருந்தால், சர்க்கரை, அமிலம், கிருமிநாசினி மூன்றும் சேர்ந்த மலர்ப் பாதுகாப்புப் பொடி கூடுதல் பலன் தரும். சர்க்கரையை மட்டும் போடுவது கிருமிகளுக்கு விருந்து.

கேள்வி: பூக்கடைகளுக்குக் கொடுப்பதா, நேரடியாக விற்பதா? விலையை எப்படி வைப்பது?

பதில்: ரோஜாவும் கார்னேஷனும் ஆண்டு முழுவதும் வெளிநாட்டிலிருந்து கடைகளுக்கு வருகின்றன, அவற்றோடு போட்டியிட வேண்டாம். பெட்டியில் நெடுந்தூரம் பயணம் தாங்காத டேலியா, ஸ்வீட் பீ போன்றவற்றைக் கொடுங்கள். கடைக்காரர்கள் ஒரே நீளமுள்ள தண்டுகளைப் பெரும்பாலும் பத்துப் பத்தாகக் கட்டிக் கேட்பார்கள். வீடுகளுக்கு வாரச் சந்தா முறையில் முன்பணம் வாங்குவது, குமிழும் விதையும் வாங்கும் மாதங்களில் கையில் காசிருக்க உதவும். திருமணத்திற்கு ஒப்புக்கொள்ளும்போது நிறத்துக்கு உறுதி கொடுங்கள், குறிப்பிட்ட பூவுக்குக் கொடுக்காதீர்கள். ஒரே இரவு உறைபனியில் அந்தப் பூ இல்லாமல் போகலாம்.

விலையை விளைந்த தண்டுகளின் கணக்கில் வைக்காமல், விற்ற தண்டுகளின் கணக்கில் வையுங்கள். டேலியாக் கிழங்கின் செலவு பல ஆண்டுகளுக்குப் பரவும்; டுலிப் குமிழின் முழுச் செலவையும் ஒரே தண்டு சுமக்கிறது. பனிக்காலத்துக்கு ஸ்டாட்டிஸையும் ஸ்ட்ராபிளவரையும் இருட்டான, காற்றோட்டமுள்ள இடத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்தி விற்கலாம். ஸ்ட்ராபிளவர் உலரும்போதும் விரிந்துகொண்டே போகும் என்பதால், நடுப்பகுதி தெரியும் முன்பே அதைப் பறித்துவிட வேண்டும்.