ஏஜென்ட் தரும் 'மூன்று வருட லைசென்ஸ்' பிரான்ஸில் செல்லுமா?

கேள்வி: செப்டம்பரில் நானும் கணவரும் மாமனார், மாமியாரோடு பிரான்ஸின் அல்சாஸ் பகுதிக்குப் போகிறோம். பாசெல் விமான நிலையத்தில் கார் வாடகைக்கு எடுத்து, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் பழைய ஊர்களையும் கோட்டைகளையும் நான்கு நாள் சுற்றத் திட்டம். கணவர் ஓட்டுவார். இந்திய லைசென்ஸ் அங்கே செல்லாது, 12,000 ரூபாய் கொடுத்தால் மூன்று வருடத்துக்கு இன்டர்நேஷனல் லைசென்ஸ் எடுத்துத் தருகிறேன் என்கிறார் ஏஜென்ட். கொடுக்கலாமா? – கோவை வாசகி

பதில்: கொடுக்காதீர்கள்.

சுற்றுலாவாகப் போகும் உங்களுக்கு, கணவரின் இந்திய லைசென்ஸே பிரான்ஸில் செல்லும். ஆனால் அது பிரெஞ்சில் இல்லையே, அதனால் கூடவே ஒரு துணைக் காகிதம் வேண்டும். அதுதான் ஐ.டி.பி. என்கிற சர்வதேச ஓட்டுநர் அனுமதி. அது லைசென்ஸ் அல்ல, லைசென்ஸின் மொழிபெயர்ப்பு மாதிரி. ஒரிஜினல் அட்டையை வீட்டில் வைத்துவிட்டு இதை மட்டும் நீட்டினால் ஒரு பயனும் இல்லை.

இதைத் தருவது நம்ம ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகம். படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய், ஆயுள் அதிகபட்சம் ஒரு வருடம். 'மூன்று வருடம்' என்ற சொல் காதில் விழுந்தாலே எழுந்து வந்துவிடுங்கள். ஏதாவது ஒரு வெப்சைட்டில் அச்சடித்த பிளாஸ்டிக் அட்டையைத்தான் தலையில் கட்டுவார்கள். பளபளவென்று இருக்கும், பூமி உருண்டைப் படம்கூட இருக்கும். வாடகைக் கார் கவுன்டரில் இருக்கும் பெண் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு உங்களிடமே கொடுப்பார், அவ்வளவுதான். காருக்குக் கட்டிய முன்பணம் போனது போனதுதான்.

ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம் என்கிறார்கள். விண்ணப்பிக்கலாம்தான். அப்லோடு செய்த அதே பாஸ்போர்ட்டின் ஜெராக்ஸை நேரில் போகும்போது மறுபடி கேட்பார்கள், வாசலில் நிற்கிறவர் "நான் முடித்துத் தருகிறேன் சார்" என்று பின்னாலேயே வருவார். ஒரு வேலையை நாலு வேலையாக்கினால்தானே அவருக்குப் பிழைப்பு! ஒரு நாள் லீவு போட்டுக் கணவரே போகட்டும்.

சரி, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் உண்மையில் போவது இங்கேதான். பாசெல் விமான நிலையம் இருப்பது பிரெஞ்சு மண்ணில். ஆனால் ஒரே கட்டடத்துக்குள் சுவிஸ் பகுதி, பிரெஞ்சு பகுதி என்று இரண்டு உண்டு. சுவிஸ் பகுதிக்கு பிஎஸ்எல், பிரெஞ்சு பகுதிக்கு எம்எல்எச் என்று குறியீடுகூட வேறு வேறு. கார் கம்பெனிகளுக்கும் இரண்டு பக்கமும் கவுன்டர் இருக்கும். புக் செய்யும்போது 'பாசெல்' என்று மட்டும் தேடினால் சுவிஸ் பக்கக் கார் மாட்டிக்கொள்ளும். உங்களுக்கு வேண்டியது பிரெஞ்சு பக்கம். கட்டடத்துக்குள் நடந்தால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான். ஆனால் கார் அப்படிப் போக முடியாது. சுவிஸ் பகுதிக்குக் காரில் வர வேண்டுமென்றால் எல்லை தாண்டி பாசெல் நகருக்குள் போய், அங்கிருந்து வேலி போட்ட கஸ்டம்ஸ் சாலை வழியாகத்தான் வர வேண்டும். விமானத்துக்கு இரண்டு மணி நேரம் இருக்கையில், டாங்க் நிரப்பி, மாமியார் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தப்பான பக்கத்தில் போய் நின்ற குடும்பங்களை எனக்குத் தெரியும். வவுச்சரில் 'பிரெஞ்சு பகுதி' என்று எழுதியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அங்கிருந்து அல்சாஸின் கோல்மார் நகருக்கு ஏ35 நெடுஞ்சாலையில் சுமார் 60 கி.மீ., சுங்கக் கட்டணமும் இல்லை.

கவுன்டரில் கணவர் பெயரில் உள்ள கிரெடிட் கார்டு கேட்பார்கள். டெபிட் கார்டை நம்பிப் போகாதீர்கள். "சூப்பர் கவர் (கூடுதல் காப்பீடு) எடுக்காவிட்டால் ஒரு கீறலுக்கும் நீங்கள்தான் பொறுப்பு" என்று பயமுறுத்துவார்கள். புக்கிங்கில் ஏற்கெனவே என்ன காப்பீடு இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போனால் பாதி பயம் போய்விடும். ரூபாயில் கட்டுகிறீர்களா, யூரோவிலா என்று மெஷின் கேட்டால் யூரோ என்றே அழுத்துங்கள். ரூபாயில் காட்டுகிற மாற்று விகிதத்தில் அவர்கள் லாபம் ஒளிந்திருக்கும். காரைச் சுற்றி வீடியோ எடுத்துவிட்டுக் கிளப்புங்கள்.

ஒயின் விஷயம். ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் வரம்பு. ருசிபார்க்கும் இடத்தில் நாலு வகை ஊற்றினால், 'கொஞ்சம் கொஞ்சம்தானே' என்பது கணக்கில் நிற்காது. கணவர் குடிக்க வேண்டாம். அப்படியும் ஆசை இருந்தால், வாயில் வைத்துவிட்டுத் துப்ப அங்கேயே பாத்திரம் இருக்கும், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இல்லையா, ரிக்வீர் என்ற ஒயின் ஊரில் காரை நிறுத்திவிட்டுத் தோட்டத்து வழியாகவே பக்கத்து ஊரான ஹூனாவீருக்கு நடந்து போகலாம்.

ஊருக்குள் ஓட்டும்போது ஒன்று. பலகை எதுவும் இல்லாத சந்திப்பில், வலப்பக்கச் சந்திலிருந்து வருகிறவருக்குத்தான் முன்னுரிமை. பெரிய ரோட்டில் வருகிற நமக்குத்தான் முதல் வழி என்ற நினைப்பை இங்கேயே கழற்றி வையுங்கள். கேமராவில் சிக்கினால் அபராதம் மாதக் கணக்கில் கழித்துக் கோவைக்கே வரும். உங்கள் பெயரை எடுத்துக் கொடுத்ததற்கு வாடகைக் கம்பெனி தனியாக ஒரு தொகை பிடிக்கும்.

ஓ-கோனிக்ஸ்பூர் கோட்டைக்கு காலையிலேயே போய்விடுங்கள். மலை மேல் ரோட்டோரம்தான் பார்க்கிங். 1633-இல் சுவீடன் படை எரித்துப்போட்டது. இப்போது பார்ப்பது பெரும்பாலும் 1900 முதல் 1908 வரை ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்முக்காகத் திரும்பக் கட்டியது. உள்ளே படிகள் ஏராளம். மாமனாருக்கு முட்டிவலி இருந்தால், அன்றைக்கு அவரை எகிஷைம் என்ற பழைய ஊரின் வட்டத் தெருவில் ஒரு காபிக் கடையில் உட்கார வைப்பதே நல்லது.

ஏஜென்டிடம் அட்வான்ஸ் ஏதும் கொடுத்திருந்தால், ரசீதோடு இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள்.