குறைமாதக் குழந்தைக்குக் கண் பரிசோதனை: செவிலியரிடம் கேளுங்கள்

பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் செவிலியர், ஆர்.ஓ.பி. (குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைத் தாக்கும் நோய்) கண் பரிசோதனை பற்றி வெவ்வேறு பெற்றோர் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறார்.

சிஸ்டர், 30 வாரத்தில் பிறந்த மகள். நாளைக்கு முதல் பரிசோதனை. வலிக்குமா?

வலிக்கும்மா, மறைக்க மாட்டேன். இமை மூடாமலிருக்க ஒரு சின்னக் கம்பிக் கிளிப் மாட்டுவார்கள். விழித்திரையின் ஓரத்தைப் பார்க்க, சிறு கருவியால் கண்ணை அழுத்தித் திருப்புவார்கள். கண்ணை மரத்துப்போக வைக்கும் சொட்டு மருந்தை முன்கூட்டியே விடுவது வழக்கம். ஆனால் இழுப்பையும் அழுத்தத்தையும் அது மட்டுமே அடக்காது. அதனால்தான் சர்க்கரைக் கரைசலும் அணைப்பும் சேர்த்துத் தருகிறோம்.

சர்க்கரைக் கரைசலா? அது எப்படி வலியைக் குறைக்கும்?

24 சதவீத சுக்ரோஸ் கரைசல். தொடங்குவதற்கு இரண்டு நிமிடம் முன்பு நாக்கு நுனியில் சில சொட்டுகள். இனிப்பு நாக்கில் பட வேண்டும், அதுதான் விஷயம். டியூப் வழியாக வயிற்றுக்குள் விட்டால் பலன் இல்லை. கூடவே சப்ப ஒரு நிப்பிள் கொடுத்தால் இன்னும் நல்லது. வலி குறையும், முழுசாகப் போகாது.

வீட்டிலேயே கரைத்துக் கொண்டு வரட்டுமா? மாமியார் தேன் தொட்டு வைக்கச் சொல்கிறார்.

இரண்டும் வேண்டாம். ஒரு வயதுவரை தேன் கூடவே கூடாது, அதிலிருந்து பொட்டுலிசம் என்ற ஆபத்தான நச்சு நோய் வரலாம். மாமியாரிடம் பழியை என் மேல் போட்டுவிடுங்கள்! கரைசல் இல்லாத இடத்தில், பீய்ச்சியெடுத்த தாய்ப்பாலில் சில சொட்டு விடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அப்பா நான். நின்று பார்ப்பதைத் தவிர என்ன செய்யலாம்?

நிறைய இருக்கு சார். துணியில் சுற்றிய குழந்தையின் கைகால்களை மடக்கி, வயிற்றோடு சேர்த்து உங்கள் உள்ளங்கையால் அசையாமல் பிடித்திருங்கள். தலையை நாங்கள் பிடித்துக்கொள்வோம். தடவிக் கொடுக்காதீர்கள், தட்டாதீர்கள். அந்த நேரத்தில் அதுவே தொந்தரவு. முடிந்ததும் நெஞ்சோடு தோல் படும்படி கங்காரு முறையில் வைத்துக்கொள்ளலாம். பரிசோதனைக்காக விட்ட மருந்தால் கண்மணி விரிந்தே இருக்கும், சில மணி நேரம் பளிச்சென்ற வெளிச்சம் வேண்டாம்.

போன தடவை மூச்சு சற்று நின்று, ஆக்சிஜன் அளவு இறங்கியது. பயமாக இருக்கிறது.

குறைமாதக் குழந்தைகளுக்கு அப்படி ஆகலாம். அதனால்தான் மானிட்டர் மாட்டியே பார்க்கிறோம். போன தடவை நடந்ததை இந்த டாக்டரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கண்மணியை விரிக்கும் மருந்து உடலிலும் கலக்கும், கன்னத்தில் வழிந்ததை உடனே ஒற்றியெடுக்க வேண்டும். வாந்தி வராமலிருக்க, பரிசோதனைக்கு முன் பால் எப்போது நிறுத்துவது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போனபின் வயிறு உப்பினாலோ பால் குடிக்காவிட்டாலோ உடனே கூட்டி வாருங்கள்.

கொஞ்சம் எடை ஏறட்டும் என்று தள்ளிப்போடலாமா?

கூடாது. இந்தியாவில் 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2,000 கிராமுக்குக் குறைவான குழந்தைக்குப் பிறந்த 30 நாளுக்குள் பார்த்தாக வேண்டும். 28 வாரத்துக்கும் முன்பே பிறந்திருந்தால் 2-3 வாரத்திலேயே. தாமதித்தால் விழித்திரை பிரிந்து பார்வையே போகலாம்.

கேமராவில் படமெடுத்தால் வலிக்காதாமே?

அதற்கும் கிளிப் உண்டு, லென்ஸ் கண்ணில் படும். மரத்துப்போக வைக்கும் இதே சொட்டு மருந்தும் சர்க்கரைக் கரைசலும் அதற்கும் கேளுங்கள்.