கேள்வி – பதில்: பாஹின் மனைவி எங்கே பாடினார்?

கேள்வி: நத்தாருக்காக எங்கள் தேவாலயப் பாடகர் குழாம் பதினெட்டாம் நூற்றாண்டின் ஜேர்மன் இசையமைப்பாளர் பாஹின் பாடலொன்றைப் பழகியபோது, அக்காலத்தில் உயர்குரற் பகுதியைச் சிறுவர்களே பாடினார்கள் என்று ஆசிரியை கூறினார். ஆனால் பாஹின் மனைவி சம்பளம் பெற்ற பாடகி என்று வாசித்திருக்கிறேன். அப்படியானால் ஜேர்மனியில் பெண்கள் எங்கே பாடினார்கள்? அவர்கள் எல்லோரும் இசைக்குறிப்பு வாசிக்கத் தெரிந்தவர்களா?
– வாசகி ஒருவர், உவர்மலை, திருகோணமலை.

பதில்: ஆசிரியை கூறியதும் நீங்கள் வாசித்ததும் சரியே. அக்காலத்தில் ஒரு பாடகியின் பிழைப்பு, அவர் வாழ்ந்த ஊரில் அரசவையோ ஓபரா எனும் இசைநாடகத்துக்கான அரங்கோ இருந்ததா என்பதைப் பொறுத்தே அமைந்தது. எக்காளக் கலைஞர் ஒருவரின் மகளான அன்னா மக்டலேனா 1721 இல் கோத்தன் அரசவையில் பாடகியாக இருந்தார். அதே அவையின் இசைத் தலைவரான பாஹை அவ்வாண்டு டிசம்பரில் மணந்தார். 1723 இல் குடும்பம் லைப்சிக்குக்கு இடம்பெயர்ந்ததும் நிலைமை மாறிற்று. அந்நகரத் தேவாலயங்களில் உயர்குரல் தோமையார் பள்ளிச் சிறுவர்களுக்கு உரியதாயிருந்தது. 1693 இல் திறந்த ஓபரா அரங்கு 1720 இலேயே மூடப்பட்டிருந்தது. லைப்சிக் அடங்கிய சாக்சனியின் அரசவையோ திரெஸ்டன் நகரில் இருந்தது. ஆகவே, இடையிடையே கணவருடன் கோத்தனுக்குச் சென்று பாடுவதே அவருக்கு எஞ்சியது. 1729 இல் அங்கு கோத்தன் ஆட்சியாளரான இளவரசர் லெயோபோல்டின் இறுதிச் சடங்கு இசையிலும் அவர் பங்குகொண்டார்.

அரசவைகள் பாடகியருக்காகப் போட்டியிட்டன. 1685 இல் சாக்சனி ஆட்சியாளர் மூன்றாம் யொஹான் கியோர்க், மார்கரீட்டா சலிகோலாவை வெனிசிலிருந்து திரெஸ்டனுக்கு அழைத்துவந்தபோது, அவருடைய புரவலரான மாந்துவா கோமகனுடன் பெரும் பிணக்கே மூண்டது. 1731 இல் அதே நகரில் ஃபவுஸ்தீனா போர்தோனி, தம் கணவர் ஹாஸ்ஸே இயற்றிய ‘கிளியோஃபீடெ’ ஓபராவில் நாயகியாகப் பாடினார்.

மன்னரில்லாத வணிக நகரமான ஹம்பர்க்கில் 1678 இல் பொதுமக்களுக்கான ஓபரா அரங்கு திறந்தது. அங்கு பாடகராயிருந்து பின்னர் பேராலய இசைப் பொறுப்பை ஏற்ற யொஹான் மத்தேசன், 1715 இல் ஓபராப் பாடகியரைப் பேராலயத்துக்குள்ளேயே பாடவைத்தார். எவர் கண்ணிலும் படாதபடி அவர்களை நிறுத்துமாறு முதலில் கேட்டவர்கள், இறுதியில் எவ்வளவு கேட்டும் பார்த்தும் திருப்தியடையவில்லை என்று அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். எழுத்தில் ஒரு சிறு வெற்றிப் புன்னகை தெரிகிறது.

இசைக்குறிப்பைப் பொறுத்தவரை, எல்லோருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. ஹம்பர்க் அரங்கின் புகழ்பெற்ற நாயகி கொன்ராடி, திரெஸ்டனைச் சேர்ந்த நாவிதர் ஒருவரின் மகள். மத்தேசன் நாள்தோறும் பாடிக்காட்ட, மனத்தில் பதியும்வரை கேட்டுக்கேட்டே அவர் தம் பாத்திரங்களைப் பாடம் செய்தார். குருமுகமாகப் பாடாந்தரம் பெறும் நம்மவருக்கு இதில் வியப்பேதும் இல்லை. மத்தேசனோ அதை ஒரு குறையாகவே பதிவுசெய்தார், அது எனக்குச் சற்று உறுத்துகிறது. ஆயினும், ஏறத்தாழ இரண்டரை ஸ்தாயி முழுவதும் ஒரே வலுவுடன் ஒலித்த குரல் என்று புகழவும் அவர் தவறவில்லை.